கண்ணு முன்னால உடைச்ச பிளேடு

பிள்ளைக்கு முதல் மொட்டையா தம்பி? அதானே பாத்தேன். மஞ்சத் துண்டு, மாலை, முன் சீட்டுல உங்க மச்சினர் மடியில தாம்பாளம். நானும் இந்த பஸ்ஸுல அந்த முருகன் கோயிலுக்குத்தான் போறேன். ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோங்க. மொட்டை எடுக்கிற மண்டபத்துல வரிசையா பலகை போட்டு உக்காந்திருப்பாங்க. எவன் முதல்ல கூப்பிடுறானோ அவன்கிட்ட போயிடாதீங்க. நேரா ஏழாம் நம்பருக்குப் போங்க. பூவலிங்கம்னு பேரு. ஒல்லியா இருப்பான். யார் முகத்தையும் நிமிர்ந்து பாக்காம வேலை பாப்பான். பிள்ளை அழாது. தூங்கினாலும் தூங்கிடும்.

எனக்கு எப்படித் தெரியும்னா, இருபத்திரண்டு வருசம் என் முகத்துல கத்தி வச்ச கை அது.

நமக்கு சாத்தூர்ப் பக்கம். கூட்டுறவு சொசைட்டியில செக்ரட்டரியா இருந்து ரிட்டையர் ஆனவன். ரிட்டையர் ஆகி ஏழு வருசம் ஆச்சு, இன்னும் ஊர்ல செக்ரட்டரின்னு சொன்னாத்தான் தெரியும். எங்க பஸ் ஸ்டாண்டு வரிசையில பூவலிங்கம் சலூன் வச்சிருந்தான். ஒரு சேரு, ஒரு பெஞ்சு, ஒரு பெரிய கண்ணாடி. அவ்வளவுதான் கடை. ஆனா ஞாயித்துக்கிழமை பெஞ்சுல இடம் கிடைக்காது. எனக்கு மட்டும் காத்திருக்கிற வேலை கிடையாது. நான் உள்ள நுழைஞ்சா, சேர்ல உக்காரப் போறவன் எந்திரிச்சு நிப்பான். பூவலிங்கம் சொல்ல வேண்டியதே இல்ல.

சவரம்னா அது சவரம் தம்பி. சுடுதண்ணியில துண்டை நனைச்சுப் பிழிஞ்சு முகத்துல போடுவான். முடி இளகணும்பான். அப்புறம் பிரஷ்ல நுரை எடுத்து வட்டம் வட்டமாத் தேய்ப்பான், அவசரமே பட மாட்டான். அப்புறம் பிளேடு. இங்கதான் விஷயம் இருக்கு, கவனிங்க. நீளக் கத்திதான், ஆனா சாணை பிடிக்கிற பழைய கத்தி இல்ல, பிளேடு சொருகுற கத்தி. புது பிளேடைத் தாளோட மடக்கி ரெண்டா உடைப்பான். டக்குனு ஒரு சத்தம் வரும். அதை நம்ம கண்ணு முன்னாலதான் உடைப்பான். கண்ணாடியில நம்மளைப் பாப்பான், நம்ம பாக்குறோம்னு தெரிஞ்சாத்தான் உடைப்பான். ஒரு பாதி நமக்கு. இன்னொரு பாதி அடுத்த ஆளுக்கு. வேலை முடிஞ்சதும் நம்ம பாதியைக் கழட்டி டப்பாவுல போட்டுடுவான்.

இடது கட்டைவிரலால தோலை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு, கத்தியைச் சாய்ச்சு, முடி போற போக்குல ஒரு தடவை. மறுபடி நுரை. எதிர்ப் போக்குல லேசா ஒரு தடவை. குரல்வளைக்கிட்ட வரும்போது மட்டும், "எச்சில் முழுங்காதீங்கய்யா"ம்பான். அதோட சரி பேச்சு. முடிச்சு படிகாரத்தைத் தடவி விட்டான்னா கன்னம் வாழைத்தண்டு மாதிரி இருக்கும். இருபத்திரண்டு வருசத்துல ஒரு கீறல் பட்டதில்ல.

அப்படிப்பட்டவன்தான் எனக்குத் துரோகம் பண்ணினான்.

மூணு வருசம் இருக்கும். ஆவணியில என் தங்கச்சி மக கல்யாணம். வாழ்த்திப் பேசுறது நான்தான். எங்க சைடுல எது நடந்தாலும் மைக்கை என் கையிலதான் குடுப்பாங்க. என் மீசையைக் கொஞ்சம் பாருங்க. அறுபத்தஞ்சு வயசு மீசை மாதிரியா இருக்கு? உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன, நீங்க யாரோ நான் யாரோ. லேசா சாயம் போடுவேன். ஊர்ல ஒருத்தனுக்குத் தெரியாது. என் வீட்டுக்காரி கோமதிக்கு மட்டும் தெரியும். கதவைச் சாத்திக்கிட்டுத்தான் போடுவேன். கல்யாணமாச்சேன்னு புதுசா ஒரு பாக்கெட்டு வாங்கி, கொஞ்சம் கெட்டியாக் கலக்கி, சனிக்கிழமை போட்டேன். ஞாயித்துக்கிழமை பூவலிங்கம்கிட்ட சவரம். செவ்வாய்க்கிழமை காலையில எந்திரிக்கிறேன், மேல் உதடு பூரா தடிச்சுக் கிடக்கு. கொப்புளம் கொப்புளமா, நீர் வடியுது. அரிப்புன்னா அப்படி ஒரு அரிப்பு.

கோமதி ஆரம்பிச்சுட்டா. "அந்தச் சாயக் கழுதையை விடுங்க, விடுங்கன்னு எத்தனை தடவை சொல்றேன்." எட்டு வருசமாப் போடுறேன், இப்ப மட்டும் எப்படி வரும்? பொம்பளைகளுக்கு நம்ம எது பண்ணினாலும் அதுலதான் குத்தம்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் ஒரு சின்னப் பொண்ணு. லைட்டு அடிச்சுப் பாத்துட்டு, "மீசைக்கு ஏதாவது போடுறீங்களா சார்?"னு கேட்டுது. கதவு திறந்து கிடக்கு. வெளிய பெஞ்சுல எங்க ஊர் ஆளுங்க நாலு பேர் காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க. நான் என்ன சொல்லுவேன்? "இது பிறவிக் கருப்பும்மா"ன்னேன். அந்தப் பொண்ணு என் மீசையை இன்னொரு தடவை பாத்துச்சு. அப்புறம், "அப்ப சவரம் பண்ற இடத்துல பிளேடு சரியா மாத்துறாங்களான்னு பாத்துக்கோங்க"ன்னுச்சு. பாத்தீங்களா? டாக்டர் வாயிலயிருந்தே வந்துடுச்சு.

நேரா சலூனுக்குத்தான் போனேன். அஞ்சாறு பேர் உக்காந்திருந்தாங்க. வாசல்ல நின்னுக்கிட்டே கேட்டேன். "பூவலிங்கம், ஞாயித்துக்கிழமை எனக்குப் போட்ட பிளேடு, அதுக்கு முன்னால எவனுக்குய்யா போட்டது?"

கத்தியைக் கீழ வச்சுட்டு வந்தான். என் முகத்தைப் பாத்தான். மீசையைப் பாத்தான். வாயைத் திறந்தான். அப்புறம் திரும்பி பெஞ்சுல இருந்தவங்களைப் பாத்தான். வாயை மூடிக்கிட்டான்.

"புது பிளேடுதான்யா. உங்க கண்ணு முன்னாலதானே உடைச்சேன்."

"அப்ப இது எப்படி வந்துச்சு?"

"அய்யா, ஒரு நிமிஷம் பின்னால வாங்க. தனியா ஒண்ணு சொல்லணும்."

தனியா! நியாயஸ்தனுக்குத் தனியா என்ன பேச்சு இருக்கு? மடியில கனம் இல்லேன்னா வழியில என்ன பயம்? "எதுவா இருந்தாலும் இங்கயே, இத்தனை பேர் முன்னால சொல்லு"ன்னேன். குனிஞ்சுக்கிட்டான். "ஒண்ணுமில்லய்யா"ன்னான். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும், நீங்களே சொல்லுங்க. பெஞ்சுல இருந்தவங்கள்ல ரெண்டு பேர் அப்பவே செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டாங்க.

அன்னிக்கு சாயந்திரம் குருசாமி டீக்கடையில எல்லாரும் என் முகத்தைப் பாத்துக் கேக்குறாங்க. நான் ஒண்ணும் சொல்லல. ஒருத்தனைப் பத்தித் தப்பாப் பேசுற பழக்கம் எனக்குக் கிடையாது. "அந்த இன்னொரு பாதி பிளேடு இருக்கே, அது நிஜமா அடுத்த ஆளுக்குத்தான் போகுதா, இல்ல முதல் பாதியே ரெண்டு மூணு பேருக்கு ஓடுதா?"ன்னு கேட்டேன். கேட்டேன், அவ்வளவுதான். கேக்கிறது தப்பா?

அடுத்த ஞாயித்துக்கிழமை பெஞ்சுல மூணு பேர். அதுக்கடுத்த வாரம் ஒருத்தன், அவனும் வெளியூர்க்காரன். பூவலிங்கம் என்ன பண்ணினான் தெரியுமா? பாதி பிளேடு வழக்கத்தையே விட்டுட்டான். ஒரு ஆளுக்கு முழுசா ஒரு பிளேடை உடைச்சு, ஒரு பாதியைப் போட்டு, இன்னொரு பாதியை அந்த ஆளு கையிலயே குடுத்தான். வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்கன்னு. பயித்தியக்காரன். சவரம் பண்ணிட்டுப் போறவன் பாக்கெட்டுல பிளேடை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவான்? ஆனா ஜனம் அதுக்கும் கேட்டுது, இப்ப மாத்துறான்னா அப்ப மாத்தலேன்னுதானே அர்த்தம்னு. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

ஆள் இளைக்க ஆரம்பிச்சான். ஐப்பசிக்குள்ள கன்னம் ஒட்டிப் போச்சு. யாவாரம் இல்லாதவன், சரியாச் சாப்பிட்டிருக்க மாட்டான், அது வேற விஷயம். ஆனா பாக்கிறவனுக்கு எப்படித் தெரியும்? டீக்கடையில நான் கேட்டேன். "திடீர்னு இப்படி உருகிப் போறானே, உடம்புல ஏதும் பெரிய சீக்கு இருக்குமோ?" எய்ட்ஸுங்கிற வார்த்தையே என் வாயில வரல. அதைச் சொன்னது வேற யாரோ. நான் இல்லேன்னும் சொல்லல, ஆமான்னும் சொல்லல. எனக்குத் தெரியாத விஷயத்துல நான் எப்படி அபிப்பிராயம் சொல்றது?

ஒரு நாள் டீக்கடைக்கே வந்துட்டான். இருந்த ஏழெட்டுப் பேர் தள்ளி உக்காந்தாங்க. குருசாமி இவனுக்குப் பேப்பர் கப்புல டீ குடுத்தான், எங்களுக்கெல்லாம் கிளாஸு. அதையும் பாத்துக்கிட்டே நின்னான். கையைக் கூப்பி, "செக்ரட்டரி அய்யா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஊர் கேக்கும். எனக்குக் கடையை விட்டா வேற ஒண்ணும் கிடையாதுய்யா"ன்னான். கண்ணு கலங்கிடுச்சு அவனுக்கு. எனக்கும் சங்கடமாத்தான் இருந்தது, நான் என்ன கல்லா? ஆனா பொது விஷயம் பாருங்க. "நான் சொல்லி என்னய்யா? சுத்தமா இருக்கேன்னா ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணி, அந்தச் சீட்டைக் கடையில மாட்டு. எல்லார் வாயும் தன்னால மூடிடும்"னேன். நல்லெண்ணத்துலதான் சொன்னேன். "நல்ல யோசனைய்யா"ன்னு கும்பிட்டுட்டுப் போனான். டீயைக் குடிக்கவே இல்ல.

பண்ணிட்டான் தம்பி. பெரியாஸ்பத்திரிக்குப் போயி ரத்தம் குடுத்து, சீட்டு வாங்கி, அதுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டி, பொட்டும் வச்சுட்டான். ஒரு நோயும் இல்லேன்னு அதுல எழுதியிருக்கு. நானே போயி வாசல்ல நின்னு படிச்சேன். சேரைத் தட்டித் துடைச்சுட்டு, "உக்காருங்கய்யா"ன்னான். முகத்துல ஒரு சிரிப்பு வேற. எனக்கு அவசர வேலை இருந்துச்சு, வந்துட்டேன்.

வந்து டீக்கடையில உக்காந்தா எல்லாரும் அதைப் பத்தித்தான் பேசுறாங்க. நான் கேட்டேன், "ஒண்ணும் இல்லாதவன் எதுக்குய்யா டெஸ்ட் எடுக்கப் போறான்? நம்ம யாராவது எடுத்தோமா?" நான்தானே எடுக்கச் சொன்னேன்னு கேக்குறீங்களா? சொன்னேன். சொன்னா, ஒருத்தன் உடனே ஓடிப்போயி எடுத்துட்டு வருவானா? அவனுக்கே சந்தேகம் இருந்திருக்கு, அதான் ஓடினான். நெருப்பில்லாம புகையுமா?

அதோட முடிஞ்சுது. சட்டம் போட்ட சீட்டைப் பாத்த பிறகு ஒரு ஈ காக்கா உள்ள நுழையல. சின்னப் பிள்ளைங்க அந்தக் கடைப் பக்கம் நடக்கக் கூடாதுன்னு தாய்மாருங்க எதிர் வரிசைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அவன் பொண்டாட்டி வேலம்மா ஒரு நாள் எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னா. நான் வெளிய வரல. கோமதி அவளை உக்கார வச்சு, காப்பி குடுத்து, ரெண்டு பேரும் ஏதோ குசுகுசுன்னு பேசினாங்க. அவ போன பிறகு அந்த டம்ளரை குப்பையில போடச் சொன்னேன். சுத்தம் முக்கியம் இல்லையா? கோமதி போடல. கழுவி, நான் காப்பி குடிக்கிற டம்ளர் பக்கத்துலயே கவுத்து வச்சா. அப்புறம் நாலு நாள் என்கிட்ட முகம் குடுத்துப் பேசல. அவளுக்கு இளகின மனசு. வெளி உலகம் தெரியாது.

கடையை வாடகைக்கு விட்ட ஓனர் காலி பண்ணச் சொல்லிட்டார். மாசி மாசம் பூவலிங்கம் ஊரை விட்டே போயிட்டான். எங்க போனான்னு யாருக்கும் தெரியாது. நான் யார்கிட்டயும் கேக்கவும் இல்ல.

கஷ்டம் எனக்குத்தான் தம்பி. அந்தக் கை பழகின முகத்தை வேற எவன்கிட்ட குடுக்கிறது? நானே அதே மாதிரி கத்தி ஒண்ணு வாங்கினேன், புது பிளேடு வாங்கினேன், சுடுதண்ணி, துண்டு, எல்லாம். சாய்ச்சுப் பிடிக்கணும், தெரியும். ஆனா கை நிக்க மாட்டேங்குது. இதோ, தாடைக்குக் கீழ பாருங்க, ரெண்டு தையல். இதுல இன்னொரு கூத்து. என் வீட்டுல, என் கையால, என் சொந்த பிளேடுல சவரம் பண்றேன், அரிப்பு மட்டும் போகல. பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை மீசையில திரும்பத் திரும்ப வருது. அந்தப் பய குடுத்த விஷம் ரத்தத்துல அவ்வளவு ஆழமா இறங்கிடுச்சு.

கடைசியில முருகன்கிட்ட வேண்டிக்கிட்டேன். இந்த வருசம் வைகாசியில மொட்டை போட வந்தேன். டிக்கெட்டு வாங்கினா கூடவே ஒரு பிளேடு குடுப்பாங்க, தெரியும்ல? அதை நம்மளே கொண்டுபோயி மொட்டை எடுக்கிறவன் கையில குடுக்கணும். ஏழாம் நம்பர் பலகை காலியா இருந்துச்சு, போயி உக்காந்தேன். எதிர்ல இருந்தவன் நிமிரல. "பிளேடு"ன்னு கையை நீட்டினான். கையைப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு.

"அட, பூவலிங்கம்! நல்லா இருக்கியா?"

நிமிர்ந்தான். "இருக்கேன்யா"ன்னான்.

எனக்கு நிஜமாவே சந்தோஷம். யோசிச்சுப் பாருங்க, அவனுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எது? பிளேடை வர்றவனே கொண்டு வர்றான். இனிமே எவனும் அவனை ஒரு கேள்வி கேக்க முடியாது. ஒரு வகையில நான்தான் அவனை முருகன் காலடியில கொண்டுவந்து சேர்த்திருக்கேன். அதை அவன்கிட்டயே சொன்னேன். அவன் பிளேடை என் கண்ணுக்கு நேரா தூக்கிக் காட்டி, "பாத்துக்கோங்கய்யா"ன்னு டக்குனு உடைச்சான். அதே சத்தம். அதே கை. தலையை எடுத்தான், கன்னத்தை எடுத்தான். என்ன சுகம் தம்பி, கிட்டத்தட்ட மூணு வருசம் கழிச்சு! கண்ணை மூடிட்டேன்.

"மீசையும் எடுக்கணுமாய்யா?"

"வேண்டுதல் ஆச்சே, எடு."

தண்ணியைத் தொட்டு மீசையில வச்சுத் தேய்ச்சான். கட்டைவிரலைப் பாத்தான், கருப்பு ஒட்டியிருந்துச்சு. சுத்திலும் பிள்ளைங்க அழுற சத்தம், யாரும் எங்களைக் கவனிக்கல. வேட்டியில விரலைத் துடைச்சுட்டு என் காதுக்கிட்ட குனிஞ்சான்.

"அய்யா, சாயம் போடுறதை நிறுத்திடுங்க. இது அதனால வந்ததுதான். அன்னிக்குக் கடையில உங்களைப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சுது. அதைச் சொல்லத்தான் தனியா கூப்பிட்டேன்."

"தெரிஞ்சா எல்லார் முன்னாலயும் சொல்லியிருக்க வேண்டியதுதானே?"

"சேர்ல உக்காந்தவர் விஷயத்தை பெஞ்சுல இருக்கிறவன்கிட்ட சொல்றது எங்க வழக்கம் இல்லய்யா."

கேட்டீங்களா கதையை? கடை போகுது, பேர் போகுது, பொண்டாட்டி தெருவுல நிக்கிறா, அப்பவும் இவன் என் மீசைச் சாயத்தைக் காப்பாத்தினானாம். அப்படி ஒரு மனுசன் இருப்பானா? தன் பிளேடு மேல இருக்கிற பழியைச் சாயத்து மேல போடப் பாக்குறான். அப்படியே அது நிஜம்னு வச்சுக்குவோம், அப்ப வாயைத் திறக்காதது யார் தப்பு? அவன் தப்புதானே? ஆனா நான் சண்டை போடல. கோயில்ல வச்சு எதுக்குன்னு, "சரி, இதை இனிமேலும் யார்கிட்டயும் சொல்லிடாதே"ன்னேன்.

"சொல்ல மாட்டேன்யா"ன்னான்.

குனியும்போது பாத்தேன், அரைஞாண் கயித்துல ஒரு சாவி தொங்குச்சு. எங்க பஸ் ஸ்டாண்டுக் கடைச் சாவி. பூட்டையே மாத்தியாச்சு, இன்னும் அதைக் கட்டிக்கிட்டு அலையிறான்.

முருகன் சக்தியைப் பாருங்க, மொட்டை போட்டு ஒரு மாசத்துல உதடு சுத்தமாயிடுச்சு. மீசை இல்லாம வெள்ளைவெளேர்னு இருந்தவரைக்கும் ஒரு பொட்டு அரிப்பு கிடையாது. தீபாவளிக்கு மீசை நல்லா வளந்துடுச்சு, சரின்னு லேசா சாயம் போட்டேன். போட்ட மூணாம் நாள்... இதோ பாருங்க, இங்க, இந்த ஓரத்துல. நீர் கோக்குது பாருங்க.

எனக்கு உடனே விளங்கிடுச்சு. பூவலிங்கம் இருந்த கடையில இப்ப வேல்சாமின்னு ஒருத்தன் வந்திருக்கான். அருப்புக்கோட்டைக்காரன், பொண்டாட்டி, ரெண்டு சின்னப் பிள்ளைங்க. கை சுமார்தான். தீபாவளிக்கு அவன்கிட்டதான் சவரம் பண்ணினேன். முந்தாநாள் போயி நின்னு கேட்டேன், எவனுக்குய்யா போட்ட பிளேடுன்னு. என் மீசையைப் பாத்தான், பெஞ்சைப் பாத்தான். "அய்யா, ஒரு நிமிஷம் தனியா வாங்க"ங்கிறான். எல்லாப் பயலுக்கும் ஒரே புத்தி.

நேத்து டீக்கடையில கேட்டேன். சொல்லல, கேட்டேன்.

அதான், வேண்டுதலுக்கு வேண்டுதலும் ஆச்சு, பூவலிங்கத்துக்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடலாம்னு கிளம்பி வந்தேன். தைக்குள்ள அந்தக் கடை காலியாயிடும், நீயே திரும்ப வந்து எடுத்துக்கோ, நானே கடை ஓனர்கிட்ட பேசுறேன்னு. மனசுல எதையும் வச்சுக்கிற ஆளு இல்ல நான். அவனும் எத்தனை நாளைக்குத்தான் அந்தச் சாவியைச் சுமப்பான்? கேட்டா சந்தோஷப்படுவான்.

இந்தா, ஸ்டாப் வந்துடுச்சு. பிள்ளையைப் பாத்து இறக்குங்க. ஏழாம் நம்பர், மறந்துடாதீங்க. நான் வர்றதுக்குள்ள உங்க முறை வந்துட்டா, செக்ரட்டரி அய்யா அனுப்பினாருன்னு சொல்லுங்க. என் பேரைச் சொன்னா நல்லாக் கவனிப்பான்.